வீடு திரும்புவோருக்கு ஒரு மேசை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு இருக்கும். எந்த மாத்திரையை எந்த வேளையில் உட்கொள்வது, தையலை எப்பொழுது பிரிப்பது, மறுபடியும் எந்தத் தேதியில் வருவது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். அவர் வீட்டில் எங்கே உட்காரப் போகிறார் என்ற கேள்விக்கு மட்டும் அந்தச் சீட்டில் இடம் இருப்பதில்லை. மறுவாழ்வுப் பிரிவில் பணியாற்றும் நாங்கள் இக்கேள்வியை மருந்துச் சீட்டுக்கு இணையானதாகவே கருதுகிறோம். ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இதற்கு விடை ஏற்கெனவே சுவரோரம் நிற்கிறது என்பதும் எங்கள் கருத்து. சாமான் அடுக்கும் இரும்பு ரேக்கைத்தான் சொல்கிறோம். அதன் கீழ்ப்பாதியை உறுதியான மேசையாக மாற்றிக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதியே என்று இக்கட்டுரையில் வாதிட விரும்புகிறோம்.

நம் பகுதி வீடுகளை நாம் அறிவோம். காசிமேட்டுச் சந்துகளிலும், திருவொற்றியூரின் பழைய வரிசை வீடுகளிலும், 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று வழங்கும் அமைப்பு கட்டித் தந்த அடுக்ககங்களிலும், ஓர் அறைதான் கூடம், படுக்கையறை, படிப்பறை எல்லாம். அந்த அறையில் அரிசி டின்னுக்கு ஓர் இடம் உண்டு. பித்தளைக் குடத்துக்கும், துணி மூட்டைக்கும், பிள்ளைகளின் பழைய புத்தகங்களுக்கும் ரேக்கில் தனித்தனித் தட்டுகள் உண்டு. நோயுற்று வீடு திரும்பியவருக்கோ ஒரு பாயும் சுவர் மூலையும்தான் கிடைக்கின்றன.

இதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று சொல்வது அக்கறையால்தான். ஆனால் நெடுநாள் படுக்கை உடலுக்குக் கேடு செய்கிறது. நகராமல் கிடக்கும் சில நாட்களிலேயே தசை வலுவிழக்கத் தொடங்குகிறது, மூட்டு இறுகுகிறது, நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்குகிறது, அழுத்தம்படும் இடங்களில் தோல் புண்ணாகிறது. மனத்துக்கும் ஒரு கேடு உண்டு. வீட்டில் நடப்பதையெல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பவர், தம்மிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதை விரைவில் உணர்ந்துவிடுகிறார். மேசை முன் அமர்ந்திருப்பவரிடம் வீட்டுக் கணக்கைக் காட்டலாம். கீரையை ஆய்ந்து தரச் சொல்லலாம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

மேசை என்ன செய்யும்?

துறைமுகமும் பட்டறைகளும் மீன்பிடித் தொழிலும் நிறைந்த நம் பகுதியில் கையடி படுவோர் மிகுதி. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி வளர்த்ததும், அது நாடெங்கும் அறியப்பட்ட நிலையமாக உயர்ந்ததும் வடசென்னையின் பெருமைகளில் ஒன்று. அறுந்த தசைநாணையும் நரம்பையும் சில மணி நேர அறுவையில் இணைத்துவிடலாம். அந்தக் கையை மீண்டும் வேலை செய்யும் கையாக ஆக்குவதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சி பெரும்பாலும் வீட்டில்தான் நடந்தாக வேண்டும். வீக்கம் வடிய, முழங்கையைத் தலையணைமேல் ஊன்றிக் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க ஒரு தளம் தேவை. புண் ஆறிய பின், உணர்வு மழுங்கிய விரல்களுக்குத் தொடுவுணர்வைப் பழக்க அரிசி, கேழ்வரகு, பஞ்சு என்று கிண்ணங்களை வரிசையாக வைக்கவும் ஒரு தளம் தேவை. வலை முடைந்து பிழைத்தவர், மேசை விளிம்பில் நூலைக் கட்டி வலை ஊசியைப் பிடித்துப் பழகுவதைவிடச் சிறந்த பயிற்சி வேறு இல்லை. ஆனால் எந்த அசைவை எந்த வாரத்தில் தொடங்குவது என்பதை அறுவை செய்த மருத்துவரும் பயிற்சியாளருமே சொல்ல வேண்டும். இணைத்த தசைநாண் அவசரப்பட்டால் மீண்டும் அறுந்துபோகக்கூடும்.

பக்கவாதம் கண்டவருக்கும் மேசை உதவும். செயலிழந்த கை மடியிலிருந்து நழுவித் தொங்கினால் அதன் எடையே தோள்மூட்டைக் கீழே இழுக்கும். முன்கை முழுவதையும் மேசைமேல் தாங்கி வைத்தால் அந்த வலி குறையும். மடித்த துண்டின்மேல் அக்கையை வைத்து, நல்ல கையால் பிடித்து மெதுவாக முன்னே தள்ளிப் பின்னே இழுக்கும் பயிற்சியை எங்கள் பிரிவில் பலர் கற்றிருப்பீர்கள். வழவழப்பான தளம் இருந்தால் அதை வீட்டிலும் நாள்தோறும் செய்யலாம். சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பின் இடப்பக்கம் என ஒன்று இருப்பதே மறந்துபோகும். தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டு எழுவார்கள். மேசையின் இடது விளிம்பில் சிவப்பு நாடா ஒட்டி, அதைத் தேடிக் கண்ணைத் திருப்பப் பழக்குவது அவர்களுக்கான எளிய உத்தி.

மூன்றாவதாக, மூச்சிரைப்பு உடையோர். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், மேசைமேல் தலையணை வைத்து, முன்கைகளை அதில் ஊன்றி, சற்றே முன்சாய்ந்து அமர்ந்தால் மூச்சு விடுவது எளிதாகும். தோளின் பளுவை மேசை ஏற்றுக்கொள்வதால், கழுத்து, மார்புத் தசைகள் மூச்சுக்கு உதவ முடிகிறது. இரவில் திணறல் வரும்போது இந்த ஒரு நிலை பலருக்குப் பெரிய ஆறுதல். அதிலும் தணியாமல், உதடு நீலம் பாரித்தாலோ பேச முடியாமல் போனாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

ரேக் மாறுவதற்கென்றே பிறந்தது

துளையிட்ட ஆங்கிள் இரும்பாலான ரேக்கை முதலில் எண்ணியவர் டெமெட்ரியஸ் கொமினோ. ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரேக்க வழியினரான அவர் லண்டனில் அச்சகம் நடத்தினார். அச்சகத்துக்கு மர அலமாரிகள் செய்வதும், தேவை மாறியவுடன் அவற்றை உடைத்து எறிவதும் அவருக்கு வீணாகப்பட்டன. நெடுகத் துளையிட்ட இரும்புச் சட்டத்தை நட்டும் போல்ட்டும் கொண்டு வேண்டியவாறு பூட்டலாம், கழற்றலாம், மீண்டும் வேறொன்றாகப் பூட்டலாம் என்பது அவர் கண்ட வழி. 1947இல் அது விற்பனைக்கு வந்தது. ஆக, ரேக்கைக் கழற்றி மேசையாக்குவது அதைப் பாழாக்குவதாகாது. அது உருவானதே அதற்காகத்தான்.

ஆனால் ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். ரேக் மேலிருந்து கீழே அழுத்தும் எடையைத் தாங்கவே அமைக்கப்பட்டது. அரிசி மூட்டை பக்கவாட்டில் தள்ளுவதில்லை, முன்னே சாய்வதில்லை. மனிதர் சாய்வார், ஊன்றி எழுவார், தடுமாறினால் பிடித்துக்கொள்வார். ஒரு காலில் வலுவற்றவர் பிடிக்கும் மேசை ஆடினால் அதனால் விளையும் இடுப்பெலும்பு முறிவு முதல் நோயைவிடப் பெரிதாகிவிடும். ஆகவே உறுதி இல்லாத மேசையைவிட மேசையே இல்லாதிருப்பது நல்லது.

பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும் வடிவம் முக்கோணம். நான்கு சட்டங்களைச் சதுரமாகப் பூட்டித் தள்ளினால் அது சாய்சதுரமாகச் சரியும். குறுக்கே ஒரு சட்டம் பூட்டி இரண்டு முக்கோணங்களாக்கினால் அசையாது. துறைமுகத்துப் பளுதூக்கிகளின் நெடிய கைகள் முழுக்க முக்கோணங்களாய் இருப்பதை ராயபுரத்தில் வளர்ந்தவர்கள் சிறுவயது முதல் பார்த்திருக்கிறார்கள். அதே கணக்குத்தான் இங்கும்.

செய்யும் முறை

முதலில் அளவு. நோயாளியை அவர் பயன்படுத்தப்போகும் நாற்காலியில், பாதம் தரையில் முழுதாகப் படியுமாறு அமர்த்துங்கள். மேற்கையைத் தளரத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்த முழங்கை வரை உள்ள உயரமே மேசையின் உயரம். பெரும்பாலோருக்கு இது 26 முதல் 29 அங்குலத்துக்குள் அமையும். சக்கர நாற்காலி என்றால் அதன் கைப்பிடி மேசைக்கு அடியில் நுழையுமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.

ஆறடி உயரம், மூன்றடி அகலம், 15 அங்குல ஆழம், ஐந்து தட்டுகள் கொண்ட ரேக்கை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பொருள்களையும் இறக்கிய பின், கீழ்த்தட்டுகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். காலும் முழங்காலும் நுழைய அந்த இடம் வேண்டும். நடுத்தட்டை மேசை உயரத்துக்கு நகர்த்துங்கள். அதன்மேல் வரும் பலகையின் கனத்தைக் கழித்துக்கொள்ள மறவாதீர்கள். அதற்கு மேலே குறைந்தது 18 அங்குலம் விட்டு மற்றத் தட்டுகளைப் பூட்டுங்கள்.

15 அங்குல ஆழம் எழுதவோ கையூன்றவோ போதாது. 24 அங்குலம் வேண்டும். பலகையை மட்டும் முன்னே நீட்டிவிட்டால், நீட்டிய பகுதியில் ஒருவர் சாய்ந்தவுடன் ரேக்கே கவிழும். ஆகவே முன்புறம் இரண்டு புதிய கால்கள் கட்டாயம். மண்ணடி, பாரிமுனைப் பகுதிகளின் இரும்புக் கடைகளிலோ அருகிலுள்ள பட்டறையிலோ ஏறத்தாழ 12 அடி துளையிட்ட ஆங்கிள் வாங்கினால் முன்கால்கள் இரண்டு, அவற்றை ரேக்குடன் இணைக்கும் 24 அங்குலப் பக்கச் சட்டங்கள் இரண்டு, முன்சட்டம் ஒன்று ஆகிய அனைத்துக்கும் போதும். பக்கச் சட்டம் பின்காலிலும் ரேக்கின் முன்காலிலும் புதிய காலிலும் என மூன்று இடங்களில் பூட்டப்பட வேண்டும். மேசைக்குக் கீழே, பின்புறத்தில் இரண்டு இரும்புப் பட்டைகளைப் பெருக்கல் குறி வடிவில் குறுக்கே பூட்டுங்கள். ஒவ்வொரு மூலையிலும் முக்கோணத் தகடு, அதாவது கார்னர் பிளேட், வையுங்கள். எல்லா நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். கால்களின் அடியில் ரப்பர் புஷ் வேண்டும். சக்கரம் ஒருபோதும் கூடாது.

அடுத்து, ரேக்கின் மேற்பகுதியைச் சுவரோடு இரண்டு இடங்களில் ஆங்கர் போல்ட் கொண்டு பிணையுங்கள். பூச்சு உதிரும் பழைய சுவராயின் செங்கல்வரை துளை இறங்க வேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொல்லி இசைவு பெறுங்கள். இரும்புச் சட்டத்தில் மின்கம்பியைச் சுற்றுவதும் இணைப்புப் பெட்டியைக் கட்டுவதும் ஆகா. நெபுலைசர் வைப்பதாயின் அதன் கம்பி சட்டத்தில் உராயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்பலகைக்கு முக்கால் அங்குல ப்ளைவுட் போதும். மேலே மைக்கா ஒட்டினால் துண்டு வழுக்கிச் செல்லும், துடைப்பதும் எளிது. துறைமுகத்தை ஒட்டி வாழும் நமக்குப் பெட்டி மரம், பேலட் மரம் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்குமுன் மரத்தில் சூடிட்ட முத்திரையைப் பாருங்கள். கப்பலில் வரும் மரத்தில் பூச்சி பரவாதிருக்க உலக நாடுகள் ஏற்றுள்ள விதியின்படி அந்த முத்திரை இடப்படுகிறது. ஆங்கிலத்தில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்று பொருள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயு ஏற்றப்பட்டது. நோயாளி கைவைத்து உண்ணும் மேசைக்கு எச்.டி. மரத்தையே தேர்ந்தெடுங்கள். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை இருந்தால் எந்த முத்திரையாயினும் வேண்டாம்.

கடற்காற்று இரும்பை விடாது. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடியுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் மிகுதியாக இருந்திருக்கலாம்; நம் நாட்டில் அதன் அளவை 90 பிபிஎம் என்று கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே உலரத் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, பிள்ளைகள் இல்லாத வெளியிடத்தில் செய்யுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர் வீட்டில் பெயின்ட் வாடை முற்றும் போன பின்னரே மேசை உள்ளே வரலாம்.

கடைசியாக விளிம்புகள். நரம்பு அறுந்த கைக்கும், சர்க்கரை நோயால் மரத்த காலுக்கும் வெட்டுப்பட்டது தெரியாது. ஆங்கிளின் கூர்முனை ஒவ்வொன்றையும் பிளந்த ரப்பர் குழாயாலோ பழைய சைக்கிள் டியூபாலோ மூடுங்கள். போல்ட்டின் நீண்ட முனை காலிடத்தை நோக்கி இருக்கலாகாது.

முடிந்ததும், நோயாளி அமருமுன், வீட்டில் திடமான ஒருவர் இரு கைகளையும் ஊன்றி முன், பின், இடம், வலம் என நாற்புறமும் தள்ளிப் பார்க்கட்டும். சற்று ஆடினாலும் மேசை இன்னும் முடியவில்லை என்று பொருள். ஒரு வாரம் கழித்தும், பிறகு மாதம் ஒருமுறையும் நட்டுகளை முடுக்குங்கள்.

எழும் மறுப்புகள்

"ரேக்கைக் காலி செய்தால் சாமானை எங்கே வைப்பது?" என்பது முதல் மறுப்பு. இது நியாயமானது, வெள்ளம் புகும் தெருக்களில் இன்னும் நியாயமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. அன்று உயரத்தில் இருந்தவை மட்டுமே தப்பின. அதனால்தான் ரேக்கை முழுவதும் வெட்டிவிடச் சொல்லாமல் கீழ்ப்பாதியை மட்டும் மாற்றச் சொல்கிறோம். மேல்தட்டுகளில் மருத்துவக் கோப்பு, மருந்து, குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ் ஆகியன இருக்கட்டும். கனமான டின்கள் மேலே ஏறவே கூடாது. அவற்றைத் தரையில் மேசையின் பக்கவாட்டில் வையுங்கள். சாமானைத் தரம் பிரிக்கும்போது, பல ஆண்டுகளாகத் தொடாத பொருள்களே பாதி இடத்தை அடைத்திருந்தன என்பதும் தெரியவரும்.

"கடையில் ஆயத்த மேசை விற்கிறதே?" என்பது இரண்டாவது. வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். ஆனால் மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகை ஈரம் பட்டால் உப்பி உதிரும். ஒரு மழைக்காலத்தைத் தாங்குவதே அரிது. தவிர, அதன் உயரம் தொழிற்சாலை முடிவு செய்தது. உங்கள் தந்தையாரின் முழங்கை உயரத்தை அது அறியாது.

"தரையில் அமர்வதுதானே நம் வழக்கம்?" என்பது மூன்றாவது. நல்ல வழக்கம்தான். கடைத்தெருவில் கணக்குப்பிள்ளைகள் சாய்வுப் பெட்டியை முன்வைத்துத் தரையில் அமர்ந்தே பேரேடு எழுதினார்கள். முழங்கால் வலுவுள்ளவருக்கு ரேக்கின் ஒரு தட்டைத் தாழப் பூட்டித் தரைமேசையாகவும் ஆக்கலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவருக்கும், தரையிலிருந்து தானே எழ இயலாதவருக்கும் அது ஆகாது. எழ முடியாத இடத்தில் அமர்ந்தவர், மற்றவர் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டியிருக்கும். தாகமெடுத்தாலும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

மேசை எல்லோருக்கும் எல்லா நாளும் உரியதன்று. அறுவைக்குப் பின் படுக்கை ஓய்வு விதிக்கப்பட்டவரும், எழுந்தால் தலைசுற்றுபவரும் மருத்துவர் சொல்லும்வரை பொறுத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் அமர்வது, எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது என்பதைக் கேட்டறிந்த பின்னரே தொடங்குங்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வருபவர் பயிற்சி சொல்லித்தர ஒரு தளம் இருந்தால், அவர் போன பின்னும் அப்பயிற்சி தொடரும்.

இவ்வளவுக்கும் வேண்டியது சில அடி இரும்பு, ஒரு பலகை, ஒரு ஸ்பேனர், இருவரின் அரைநாள் உழைப்பு. துறைமுகத் தொழிலாளரும் பட்டறைக்காரரும் படகு பழுது பார்ப்போரும் வாழும் நம் தெருக்களில் இதைச் செய்யத் தெரிந்தவர் அடுத்த வீட்டிலேயே இருப்பார். கேட்கத் தயங்க வேண்டாம். பழம் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வருவோரில் பலர், தம்மால் ஆகக்கூடிய வேலை ஒன்று கிடைத்தால் மகிழ்ந்து செய்வார்கள்.

உங்களிடம் எங்கள் வேண்டுகோள் எளியது. வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டவுடன், குடும்பத்தில் ஒருவர் ரேக்கின் நீளம், அகலம், ஆழத்தையும், நாற்காலியின் உயரத்தையும், வாசலின் அகலத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதி எங்கள் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள். நோயாளியின் முழங்கை உயரத்தை நாங்கள் அளந்து தருகிறோம். எந்தத் தட்டு எங்கே வர வேண்டும் என்று உடனிருந்து வரைந்தும் தருகிறோம். வீட்டில் எங்கே உட்காரப் போகிறார் என்ற கேள்விக்கு, அவர் இங்கிருந்து புறப்படுமுன்பே விடை எழுதப்பட்டுவிட வேண்டும்.